பழைய டிரைவரின் எண்

கணினியின் கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் புதிதாகப் போட்டேன், திரை இருண்டுவிட்டது. என் பதினோரு ஆண்டு நாட்குறிப்பு அந்தக் கணினியில்தான் இருந்தது, நகல் இல்லை. உப்பளம் பகுதியிலிருந்து வந்த ஒல்லியான மெக்கானிக் முதலில் இணையக் கம்பியைப் பிடுங்கினார்.

"நெட்டு இருந்தா அதுவே மறுபடி புதுசப் போட்டுக்கும் சார். பழைய டிரைவரோட வெர்ஷன் நம்பர் எழுதி வெச்சீங்களா?"

"இல்லப்பா. டைரி போயிடுமா? எந்த நாள் மழை பேஞ்சுதுன்னுகூட அதுல இருக்கு."

"மழைய எழுதுனீங்க, இத எழுதலியா?"

சிரித்தபடி சட்டைப் பையிலிருந்த நோட்டைப் புரட்டினார். என் தெருவும் ஒரு தேதியும் அந்த எண்ணும் அதில் இருந்தன.

"ரெண்டு வருஷம் முன்ன இந்த கம்ப்யூட்டர் ஃபேன் மாத்த வந்தேன்ல, அப்பவே எழுதிக்கினேன்."

அடிப்படை வசதிகளோடு மட்டும் கணினி இயங்கும் சேஃப் மோடில் புதியதை நீக்கி, தன் பென்டிரைவிலிருந்து அந்த எண்ணுள்ள பழையதைப் போட்டார். திரை வந்தது.

அவர் போனதும் நாட்குறிப்பில் அந்தத் தேதியைத் திறந்து அதிர்ந்தேன். மழை இருந்தது, மின்வெட்டு இருந்தது. வீட்டுக்குள் வந்துபோன அவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை.