பள்ளம் விழுந்த நாற்காலி

யுத்தத்துக்கு முந்திய ஒரு சாரல் காலத்தில் குற்றாலத்தில் ஒரு பங்களாவில் தங்கியிருந்தேன். அங்கே காவல்காரர் ஒருவர். ஒல்லி உடம்பு, காதில் கடுக்கன், தோளில் எந்நேரமும் கம்பளி. தொய்ந்த பிரம்பு நாற்காலிகளின் அடியில் தண்ணீர் தெளித்துக் காயவைப்பார். பிரம்பு இழுத்துக்கொண்டு புதிதுபோல் விறைத்துவிடும். ஒன்று மட்டும் பள்ளமாகவே கிடந்தது.

ஐந்தருவியில் குளித்த ஈரத்தோடு அதில் உட்காரப் போனேன். ஓடிவந்து தடுத்தார்.

“அதுல ஈரம் படக்கூடாது அய்யா.”

“ஏன்?”

“எம் பொஞ்சாதி போன தையில தவறிட்டா. சீசன் இல்லாத மாசமெல்லாம் அவ உக்காந்த பள்ளம் இது. தண்ணி பட்டா இழுத்துக்கிடும். மொதலாளிட்ட சொல்லிராதீய.”

ஊர் திரும்பியபின் பங்களாக்காரரைப் பார்த்தேன். அந்த நாற்காலியைப் புதிதாகப் பின்னச் சொல்லலாமா என்று கேட்டார்.

“வேண்டாம், உட்கார அதுதான் சுகம்” என்றேன்.

நான் அதில் ஒருநாளும் உட்காரவில்லை.