கிரேன் வாங்கும் முன் அக்கா கேட்ட கேள்விகள்

இந்த நினைவு மலரைப் பெறும் உங்களில் பலருக்கு எங்கள் அக்கா 'பட்டறை டீச்சரம்மா'. சாந்தோமில் பிறந்து, மாதா கோயில் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியை ஆனவர். அடையாற்றில் அத்தான் நடத்திய இரும்புப் பட்டறைக்குள், அத்தான் இருந்தவரை, அவர் காலெடுத்து வைத்ததில்லை.

உலக யுத்த காலத்தில் செயின் அறுந்து, தூக்கிய இரும்பு வார்ப்பு மேலே விழுந்து அத்தான் இறந்தார். பட்டறையை விற்றுவிட அக்கா நினைத்தார். வாங்க வந்தவர்கள் இடத்தை மட்டுமே கேட்டார்கள். ஆட்கள் வேண்டாம் என்றார்கள். ஆட்களின் மனைவிமார் வந்து வாசலில் நின்றார்கள். அக்கா பள்ளி வேலையை விட்டார். "மாட்டிக்கிட்டேன்டா தம்பி" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

யுத்தம் முடிந்ததும் அத்தானின் தம்பி, கூரையடியில் தண்டவாளத்தில் ஓடும் பழைய கிரேன் ஒன்றை எங்களுக்கு விற்க ஓர் ஏஜெண்டை அழைத்துவந்தார். "நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க அண்ணி. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அக்கா அவகாசம் கேட்டார். எது அதிக கனம், எங்கே நிற்கப் பயம் என்று ஆட்களிடம் விசாரித்தார். பரீட்சைத் தாள் தயாரிப்பதுபோல் கேள்விகளை எழுதி, அடித்து, மறுபடி எழுதினார். எவ்வளவு தூக்கும், எங்கள் தூண்கள் தாங்குமா, பாகம் உடைந்தால் எங்கே கிடைக்கும் என்றெல்லாம் கேட்டார். ஏஜெண்ட் ஒவ்வொன்றுக்கும் அத்தானின் தம்பியைப் பார்த்தே பதில் சொன்னார்.

"கேக்கறது நான். என்னைப் பாத்துச் சொல்லுங்க. பாரம் தொங்கறப்போ கரண்ட் போனா பிரேக் பிடிக்குமா?"

"அப்டில்லாம் ஆவாதும்மா."

"ஆயிட்டா?"

ஏஜெண்ட் மறுபடி அத்தானின் தம்பியைப் பார்த்தார். அக்கா கையெழுத்திடவில்லை. அத்தானின் தம்பி கோபித்துக்கொண்டு பிரிந்துபோனார். உறவினர் சிலரும் பேச்சை நிறுத்தினார்கள். அதைவிடக் கொடுமை, கிரேன் இல்லாததால் மறுபடியும் செயின் போட்டே தூக்க வேண்டியிருந்தது. வாங்கியிருந்தாலும் பயம், வாங்காததாலும் பயம். பாரம் ஏறும்போதெல்லாம் ஜெபமாலையை இறுகப் பிடித்தபடி நிற்பார்.

பின்னால் வந்த ஒரு கிரேன் கம்பெனிக்காரரிடமும் பிரேக்கைப் பற்றி அதையே கேட்டார். அவர், "இதுக்கு எனக்குப் பதில் தெரியாதும்மா. எஞ்சினியரக் கூட்டிக்கினு வரேன்" என்றார். வந்த எஞ்சினியர், இந்தத் தூண்கள் தாங்காது, முதலில் வேறு போடுங்கள் என்றார். அக்கா புதுத் தூண்கள் போட்டு, அவர்களிடமே கிரேனை வாங்கினார். முதல் பாரம் தொங்கும்போது கரண்ட் மெயினை அணைக்கச் சொன்னார். பாரம் அசையாமல் நின்றது. அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

பள்ளிக்குத் திரும்ப அவர் ஆசைப்பட்டார், கடைசிவரை முடியவில்லை. பள்ளி மணி கேட்கும் பக்கமாக நடப்பதைக்கூடத் தவிர்த்தார்.

கடைசி நோயில் மாறி மாறி அக்காவின் உடனிருந்த பட்டறைக் குடும்பத்தாருக்கும், பங்குச் சாமியாருக்கும், பகை மறந்து வந்து சவப்பெட்டிக்குத் தோள்கொடுத்த அத்தானின் தம்பிக்கும் எங்கள் நன்றி. அக்காவின் காலத்தில் அங்கே வேலை செய்த எல்லோரும் முழு உடம்போடு வீடு திரும்பினார்கள். அவருக்கு இனியாவது ஓய்வு கிடைக்க வேண்டிக்கொள்ளுங்கள்.