குழாயில் கட்டிய கிதார்

கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டில் இரண்டு பைத்தியங்கள் இருந்தோம். எனக்குக் கிதார் பைத்தியம். கான்வென்டில் கற்றுக்கொண்ட ஹவாய் கிதார். மடியில் படுக்கவைத்து, கம்பிகளின் மேல் ஓர் இரும்புத் துண்டை வழுக்கவிட்டு வாசிப்பது. என் கணவருக்கு மின்சாரப் பைத்தியம். பினாங்குத் துறைமுகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் கையில் திருப்புளி ஏறிவிடும்.

ஒரு சாயங்காலம் கடற்கரை ஹோட்டலுக்கு வெளியே நின்று, கப்பலில் வந்திறங்கிய வாத்தியக் கோஷ்டியைக் கேட்டோம். ஒருவன் மடியில் வைத்திருந்த கிதாரிலிருந்து ஒரு ஒயர் புறப்பட்டு ஒரு பெட்டிக்குள் போனது. கம்பியை அவன் தொட்டான், பெட்டி பாடியது. தெருமுனைவரை பாடியது! நான் அவர் கையை எப்படிக் கிள்ளினேனோ, வீட்டுக்கு வந்து பார்த்தால் சிவந்திருந்தது.

"என்னங்க, நமக்கும் அது வேணும்."

"அது அமெரிக்காவிலேர்ந்து வரணும்லா. நாமே செஞ்சிடுவோம்."

அவசரத்துக்குக் காரணமும் இருந்தது. என் நாத்தனாருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாதா கோவிலில் பூசை முடிந்ததும் பக்கத்து மண்டபத்தில் தேநீர் விருந்து. "அண்ணி, நீங்கதான் வாசிக்கணும்" என்று கேட்டிருந்தாள். என் கிதார் இரண்டாவது வரிசை நாற்காலிக்கே கேட்காது. அந்தக் கூட்டத்தில் வாசிப்பதும் வாசிக்காமல் இருப்பதும் ஒன்றுதான்.

சூலியா தெருவில் பழைய சாமான் கடையில் ஒரு ஹெட்போன் கிடைத்தது. ஒரு காதின் மூடியைத் திருகி, உள்ளேயிருந்த மெல்லிய தகட்டை அவர் எடுத்துப் போட்டார். அடியில் சின்னக் காந்தம், அதைச் சுற்றி மயிரிழைக் கம்பிச் சுருள். "இதுக்கு மேலே உன் கம்பி ஆடினாப் போதும். அந்த ஆட்டம் அப்படியே மின்சாரமாகி ஒயர்ல போயிடும்" என்றார். அட்டைத் துண்டுகளை அடுக்கி, அதன்மேல் அதைக் கிதார்க் கம்பிகளுக்கு அடியில் ஒட்டியாயிற்று. பாடுவதற்குப் பெட்டி? மாமனாரின் ரேடியோவுக்குப் பின்புறம், கிராமபோனை இணைக்க இரண்டு துளைகள் இருந்தன. அந்த ரேடியோவை மாமாவைத் தவிர யாரும் தொட்டதில்லை.

"ரேடியோ கெட்டு ரோசாக் ஆச்சுன்னா ரெண்டு பேரும் வாசல்லதான் படுக்கணும்" என்றார் மாமா. சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்து முன்னாலேயே போட்டுக்கொண்டார்.

மீட்டினேன். நடுக் கம்பிகள் இரண்டும் யானைபோலப் பிளிறின. ஓரத்துக் கம்பிகள் ஊமை. ஆனாலும் நாங்கள் கைகோத்துக் குதித்தோம். காந்தம் சின்னது, எல்லாக் கம்பிக்கும் எட்டவில்லை என்று எனக்குப் பட்டது. "இன்னொரு காது சும்மாதானே இருக்கு?" என்றேன். அதையும் பிரித்துப் பக்கத்தில் வைத்தார். இப்போது எல்லாம் பேசின, ஆனால் தடித்த கம்பி காந்தத்தில் பட்டுக் கரகரத்தது. அடியிலிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாக உருவி, கரகரப்பு நிற்கும்வரை காந்தத்தை இறக்கினேன்.

பிறகு தேனீக் கூட்டம் வந்தது. நான் வாசிக்காதபோதும் ரேடியோ "உம்ம்ம்" என்று இரைந்துகொண்டேயிருந்தது. அவர் கிதாரின் கம்பிகளையும் ரேடியோவின் எர்த்தையும் சேர்த்து ஒரு நீளச் செப்புக் கம்பியில் முடிந்து, சமையலறைத் தண்ணீர்க் குழாயில் சுற்றினார். தேனீக்கள் பறந்தே போய்விட்டன. அந்தச் சந்தோஷத்தில் சத்தத்தை முழுக்கத் திருகிவிட்டார். வீடே ஊளையிட்டது. மாமா கப்பல் சங்கு என்று நினைத்து ஜன்னலுக்கு ஓடினார். ரேடியோ பாடுவதைக் கிதாரே திரும்பக் கேட்டுக் கத்துகிறது என்பது புரிய எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பெட்டியை எனக்கு முதுகு காட்டும்படி திருப்பி வைத்ததும் அடங்கியது.

கல்யாணத்தன்று ரேடியோவையும் மண்டபத்துக்குத் தூக்கிப் போனோம். உள்ளே குழாய் இல்லை. பின்கட்டில்தான் ஒன்று இருந்தது. செப்புக் கம்பியை ஜன்னல் வழியாக அங்கே கொண்டுபோய்க் கட்டினார். நான் பட்டுச் சேலையில் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு முதல் சுரத்தை வழுக்கவிட்டேன். கேக் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கத்தியோடு திரும்பினார்கள். கடைசி வரிசைப் பிள்ளைகள் நாற்காலிமேல் ஏறினார்கள். எனக்குத் தரையில் உட்கார்ந்திருக்கும் உணர்வே இல்லை.

பாட்டின் பாதியில் தேனீக்கள் திரும்பி வந்துவிட்டன. அவர் பின்கட்டுக்கு ஓடினார். அங்கே கோப்பை கழுவ வந்த ஒரு சித்தி கம்பியை அவிழ்த்துச் சுருட்டி வைத்திருந்தார்.

"யாரோ துணி காயப்போடக் கட்டியிருக்காங்கன்னு நெனச்சேன் தம்பி! கோப்பை கழுவ இடைஞ்சலா இருந்திச்சுலா!"

மறுபடி முடிச்சுப் போட நேரமில்லை. கம்பி நுனியைக் குழாயோடு சேர்த்துக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். இரைச்சல் நின்றது. நான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். ஜன்னல் வழியாக அவர் தெரிந்தார்: கோட்டு, டை, பளபளக்கும் சப்பாத்து, அதன்மேல் சித்தி கொட்டும் கழுநீர். கை குழாயில், கால் தாளத்தில். கல்யாணப் பெண் முக்காட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலண்டை போய் அவருக்குக் கேக் ஊட்டினாள். எனக்குச் சிரிப்பில் இரும்புத் துண்டு நழுவி ஒரு சுரம் எங்கோ மேலே போய் வந்தது. அதுதான் பிரமாதம் என்று கைதட்டினார்கள்.

நிறுத்தலாம் என்று நிமிர்ந்தேன். மாமா விடவில்லை. "இன்னொன்னு வாசிம்மா. சத்தத்தைக் கூட்டு, சம்பந்தி வீட்டுக்காரங்க வாசல்ல நிக்கிறாங்க!"

வெயில் சாயும்போது ஒரு ரிக்ஷாவில் மாமாவும் அவர் மடியில் ரேடியோவும் புறப்பட்டார்கள். நாங்கள் கிதாரைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தோம். அவருடைய சப்பாத்து ஒவ்வோர் அடிக்கும் சளக் சளக் என்றது. அந்தத் தாளத்துக்கு நான் நடுத்தெருவில் வாய்விட்டுப் பாடினேன். கடைவாசலில் நின்றவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அவரும் சேர்ந்து பாடினார்.