ஆடுகளோடு நடந்த ஜிபிஎஸ்

கொல்லிமலை அடிவாரத்தில், மண்ணுக்கடியில் போகும் எண்ணெய்க் குழாயின் தடத்தில் தினமும் நடந்து கசிவு பார்ப்பது என் வேலை. நான் நடந்ததை ஆபீசுக்குக் காட்ட ஒரு ஜிபிஎஸ் கருவி கொடுத்திருந்தார்கள். மகா புத்திசாலியான நான், அதை அவ்வழியே ஆடு மேய்க்கும் பாப்பாத்தி அக்காவிடம் கொடுத்துவிட்டு, டீக்கடையில் தொப்பை வளர்த்தேன்.

ஒருநாள் அவர், "ஏனுங்க, எங்க கெணத்துத் தண்ணி டீசல் நாத்தம் அடிக்குதுங்க" என்றார்.

"அப்பறமென்னங்க அக்கா, மோட்டாருக்கு ஊத்திக்குங்க!" என்று சிரித்தேன்.

நான்காம் நாள் கிணற்றில் எண்ணெய் மிதந்தது. விசாரிக்க வந்த அதிகாரிகளிடம் அக்கா, "புள்ளகுட்டிக்காரருங்க, தெனமும் நடந்தாருங்க" என்றார். கருவியும் அதையே சொன்னது. என் வேலை தப்பியது. அக்காவின் கிணற்றை மூடிவிட்டார்கள்.

இப்போது நானே நடக்கிறேன். தூரத்துக் குழாயடியிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு எதிரே வரும் அக்கா, "இன்னைக்கு நாத்தம் ஏதாச்சும் அடிக்குதுங்களா?" என்று கேட்பார். வாய் ஓயாத நான், குனிந்து தடத்து மண்ணை அள்ளி முகர்ந்து பார்ப்பேன்.