சிவப்பு ஸ்டிக்கர் சாம்பார்

சமையல் சுலபம் என்று சொல்பவர்களில் இரண்டு வகை உண்டு. சமைக்கத் தெரிந்தவர்கள் பீற்றிக்கொள்வதற்காகச் சொல்கிறார்கள். ஒருநாளும் கரண்டி பிடிக்காத ஆண்கள் விவரம் தெரியாமல் சொல்கிறார்கள். என் மனைவி ஓசூருக்குப் போகும் வரை நான் இரண்டாவது கூட்டத்தில்தான் இருந்தேன்.

ஒரகடத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த அவளுடைய உற்பத்தி லைனை அவள் கம்பெனி அப்படியே பெயர்த்துக் கொண்டுபோய் ஓசூரில் வைத்தது. வருகிறவர்கள் வரலாம், மற்றவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அவள் அங்கே லைன் லீடர். கால் வீங்க வீங்க நின்று வாங்கிய பதவி அது. ஒரு வருஷம் ஓசூர் ஹாஸ்டலில் இருந்துவிட்டு, பிறகு இங்கேயே வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்கலாம் என்று முடிவு செய்தாள். நானும் பெரிய மனதோடு, "போய்ட்டு வா, பாப்பாவ நான் பாத்துக்கறேன்" என்றேன். அந்தப் பெரிய மனது கேஸ் அடுப்பைப் பற்ற வைக்கும் வரைதான் தாங்கியது.

பாப்பா என்பது எங்கள் மகள். இரண்டாம் வகுப்பு. சேரப்பணஞ்சேரியில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருக்கிறோம். காலையில் அவளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு நான் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஷிப்டு மாறாமல் பகல் வேலையே கொடுக்கச் சொல்லி சூப்பர்வைசரிடம் கெஞ்சி வாங்கியிருந்தேன். சாயங்காலம் நான் வரும் வரை கீழ் வீட்டில் விளையாடிக்கொண்டிருப்பாள். எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்திருந்தேன், சோற்றைத் தவிர.

சோற்றுக்கு ஏற்பாடு செய்ய ஆள் தயாராகவே இருந்தார். என் மனைவியின் அக்கா, எனக்கு அண்ணி. வீடு மறைமலை நகரில். இரண்டு பையன்களையும் வளர்த்துப் படிக்க அனுப்பிவிட்டு, வளர்ப்பதற்கு இன்னொன்று கிடைக்காதா என்று பார்த்துக்கொண்டிருப்பவர். தன் கையால் சமைத்ததைத் தவிர உலகத்தில் உள்ள எல்லாச் சாப்பாடும் குப்பை என்பது அவர் கொள்கை. எங்கள் கல்யாண விருந்திலேயே வீட்டிலிருந்து தயிர்சாதம் கட்டிக்கொண்டு வந்தவர். மனைவி ஓசூருக்குக் கிளம்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமையே, சர்ச்சில் பூசை முடிந்த கையோடு, மீன் குழம்புத் தூக்கோடு வந்து நின்றார்.

"இன்னா தம்பி, கொழந்த இப்பவே எளச்சுப் போய் கீது. நீங்க கம்பெனி வேலையப் பாருங்க. பாப்பாவ நான் இட்டுகினு போறேன். பக்கத்துலயே கான்வென்ட் கீது, மதர் கிட்ட சொல்லி சீட்டு வாங்கிடலாம்."

ஒரே வாரத்தில் இளைக்கும் குழந்தையை அன்றுதான் கேள்விப்பட்டேன். முடியாது என்றேன். அண்ணி விடவில்லை. முழுப் பரீட்சை வரைக்கும் பார்க்கிறேன், அதற்குள் பிள்ளைக்கு நீங்கள் ஒழுங்காகச் சோறு போடவில்லை என்றால் லீவுக்கு வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவேன், பிறகு அனுப்பமாட்டேன் என்று பாப்பாவுக்கு எதிரிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். போனில் மனைவியிடம் சொன்னேன். "அக்கா இட்டுகினு போனா திருப்பி அனுப்பாது. உனக்குத் தெரியும்ல?" என்றாள். தெரியும். அண்ணி வாங்கிப் போன எங்கள் இட்லிக் குண்டானே இன்னும் திரும்பி வரவில்லை. அண்ணி வைத்துவிட்டுப் போன மீன் குழம்பை நான் தொடக்கூட இல்லை. கீழ் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, தூக்கைக் கழுவி வைத்தேன்.

முதலில் யூடியூப் பார்த்தேன். ஒரு பெண்மணி வளையல் குலுங்கக் குலுங்க, "பச்சை வாசனை போகும் வரை வதக்குங்கள்" என்றார். எது பச்சை வாசனை என்று அவர் சொல்லவில்லை. எனக்கு எல்லாமே வாசனைதான். "பொன்னிறமாக வந்ததும் இறக்குங்கள்" என்றார். எந்தப் பொன்? எங்கள் கம்பெனியில் ஒரு பெயிண்ட் நிறத்தைச் சரிபார்க்கக்கூட மாதிரி அட்டை இருக்கிறது. "தேவையான அளவு உப்பு" என்பதற்கு மேல் ஒரு பொறுப்பற்ற வார்த்தையை நான் கேட்டதில்லை. தேவையான அளவு தெரிந்தால் நான் ஏன் உன் வீடியோவைப் பார்க்கிறேன், அம்மா?

குக்கர் இன்னொரு மோசடி. மூன்று விசில் என்கிறார்கள். எங்கள் காம்பவுண்டில் மேலும் கீழுமாக ஆறு போர்ஷன். எல்லாரும் ஷிப்டுக்குப் போகிறவர்கள், எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குக்கர் கத்தும். பக்கத்து வீட்டு விசிலையும் சேர்த்து எண்ணி, ஒரு வாரம் அரைவேக்காட்டுச் சோறு சாப்பிட்டோம். அதற்குப் பயந்து அடுத்த வாரம் அடுப்புப் பக்கத்திலேயே நின்று என் விசிலை மட்டும் எண்ணினேன். அப்போது தண்ணீரை அதிகம் ஊற்றியிருந்தேன். சோறு குழைந்து போஸ்டர் ஒட்டுகிற பதத்துக்கு வந்தது.

நான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அடுத்தவன் செய்ததில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன். சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், இல்லையென்றால் சிவப்பு. என் கண்ணுக்குத் தப்பி ஒரு கீறல் வெளியே போனதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இத்தனை பொருளைத் தரம் பார்க்கிறவனுக்கு ஒரு சாம்பார் வைக்க வராதா என்று அந்தத் திமிர்தான் கேட்டது.

அதனால் கம்பெனி முறையிலேயே இறங்கினேன். லைனில் ஒரு பொருளைச் சேர்ப்பதற்கு வேண்டிய எல்லாப் பாகங்களும் ஒரே டிரேயில் அடுக்கி வரும். அதைக் கிட் என்போம். தேடுகிற வேலை மிச்சம். முந்தின நாளே சாம்பாருக்கு ஒரு கிட் தயார் செய்தேன். பருப்பு தனியாகக் குக்கரில் வேகும். கடுகு, வெந்தயம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, வெங்காயம், தக்காளி, கத்தரிக்காய், புளி, சாம்பார் பொடி, மஞ்சள் தூள், உப்பு எல்லாம் ஒரே தட்டில், அளந்து, அழகாக. தட்டைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். காலையில் எண்ணெய் காய்ந்ததும் தட்டை அப்படியே வாணலியில் கவிழ்த்தேன்.

கடுகு ஒன்றுகூட வெடிக்கவில்லை. தக்காளித் தண்ணீரில் ஊறி, கருப்பு மணிகளாகக் கடைசி வரை மிதந்தது. பொடி அடியில் கருகியது, வெங்காயம் மேலே பச்சையாகக் கிடந்தது. அதையும் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தேன். பார்த்துவிட்டு மனைவி டீ பிரேக் நேரத்தில் போன் செய்தாள்.

"லூசா நீ? எல்லாத்தையும் ஒண்ணாவா கொட்டுவ? கடுகு வெடிச்சப்புறம்தான் மத்ததெல்லாம்."

"அத தட்டுல யாரும் எழுதி வெக்கல."

"எந்த ஊட்லயும் எழுதி வெக்க மாட்டாங்க" என்று வைத்துவிட்டாள்.

கம்பெனியில் சொன்னால் ஆளாளுக்கு யோசனை. பொண்டாட்டி சம்பாதிக்க, புருஷன் கஞ்சி காய்ச்சுகிறான் என்று சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவனுக்கும் தன் வீட்டு உப்பு டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரே சமையல்காரர் எங்கள் கேன்டீன் மாஸ்டர். அந்தச் சாம்பாரை நாங்கள் தினமும் காறித் துப்பாத குறையாகத்தான் சாப்பிடுவோம். ஆனாலும் வெட்கத்தை விட்டுப் போய்க் கேட்டேன். "பருப்பு ஒரு அண்டா, பொடி ரெண்டு கை" என்று ஆரம்பித்தார். அண்டாவை எங்கள் வீட்டுக் கிண்ணத்துக்குக் குறைத்துக் கணக்குப் போட்டு வைத்ததில், நான் பல வருஷமாகத் திட்டிய அதே கேன்டீன் சாம்பார் அச்சு அசலாக வந்தது. பாப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, "அப்பா, உன் கம்பெனி வாசன வருது" என்றாள்.

அவள் டிபன் பாக்ஸ் தினமும் போன மாதிரியே திரும்பி வந்தது. வேறு யாராவது இருந்தால் அழுதிருப்பார்கள். நான் கோபப்பட்டேன். ரிஜெக்ட் ஆன பொருளைத் திருப்பி அனுப்பும்போது காரணம் எழுத வேண்டும், இவள் காரணமும் சொல்வதில்லை. பிறகு, பரீட்சை நெருங்கும்போது, பாக்ஸ் திடீரென்று காலியாக வர ஆரம்பித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மனைவிக்குப் போட்டோ, அண்ணிக்குப் போட்டோ, கேட்காதவர்களுக்கும் போட்டோ. "பொறுமையா கத்துக்கிட்டா எல்லாம் வரும்" என்று கம்பெனியில் உபதேசம் வேறு.

உபதேசத்துக்கு ஒரு வாரம்தான் ஆயுள். வேன் டிரைவர் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். "தப்பா நெனச்சிக்காத சார். பாப்பா சாயங்காலம் வேன்ல ஏறுனதும் டப்பாவ என்னாண்ட குட்த்துடுது. நம்ம ஷெட்டாண்ட ஒரு நாய் கீது, அதுக்கு ஊத்திடறேன். வேஸ்ட்டாவறது இல்ல சார்."

"நாய் சாப்பிடுதா?"

"உருளக்கெயங்கு இருந்தா துன்னும் சார்" என்றார்.

வீட்டுக்கு வந்து பாப்பாவை நிற்க வைத்துக் கேட்டேன். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல், ஏன் ஏமாற்றுகிறாய் என்று கத்தினேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெரியம்மா வீட்டு மீன் குழம்பு கேட்கிறது இவளுக்கு, அதுதான் இந்த அழுத்தம் என்று நினைத்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று இரண்டு பேரும் பரோட்டா வாங்கிச் சாப்பிட்டோம்.

பரீட்சை முடிந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி வந்தார். கையில் மீன் குழம்புத் தூக்கு. தோளில் ஒரு காலிப் பை, பாப்பாவின் துணிகளுக்கு. பையை நாற்காலியில் மாட்டிவிட்டு, சமையலறை வாசலில் வந்து நின்றுகொண்டார்.

"நானும் பாக்கறேன், இன்னாதான் ஆக்கறீங்கன்னு."

எண்ணெயைக் காய வைத்தேன். கடுகு வெடித்தது. காய் வெந்தது. பருப்பைக் கடைந்து ஊற்றினேன். அவர் வாசலில் நின்று, கான்வென்ட்டில் மதர் எவ்வளவு நல்லவர், பாப்பாவுக்கு எந்த அறை, எந்தக் கட்டில் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நடுவில் உப்புப் போட்டேனா இல்லையா என்ற சந்தேகம் வந்துவிட்டது. கம்பெனியில் ஒரு போல்ட்டை இறுக்கியதும் அதன் தலையில் பெயிண்ட் மார்க்கரால் ஒரு புள்ளி வைப்போம். புள்ளி இருந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். சாம்பாரில் எங்கே போய்ப் புள்ளி வைப்பது? அண்ணிக்கு எதிரில் ருசி பார்த்தால் தெரியாதவன் மாதிரி இருக்கும் என்று பார்க்கவில்லை. போட்டேன்.

பாப்பா தட்டில் சோறு வைத்தேன். "நீங்களும் உக்காருங்க அண்ணி" என்று மரியாதைக்குச் சொன்னேன். "எனக்கு வேணாம் தம்பி, நான் வெளிய கை நனைக்கறதில்ல" என்று மூக்கைச் சுளித்தார். பிறகு தூக்கைத் திறந்து பாப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். வஞ்சிர மீன். வீடே மணத்தது. பாப்பாவுக்கு உயிர்.

"எது வேணுமோ துன்னு கண்ணு. பெரிம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

பாப்பா தூக்கைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தூக்கைக் கையால் தள்ளி வைத்துவிட்டு, "அப்பா சாம்பார்" என்றாள். ஊற்றினேன். பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். தலையைத் தூக்கவில்லை, நிறுத்தவும் இல்லை. தட்டு காலியானதும், "இன்னும் கொஞ்சம் ஊத்துப்பா, சூப்பரா கீது" என்றாள். இரண்டாவது தடவை வைத்ததையும் வழித்துச் சாப்பிட்டாள்.

அண்ணியின் முகம் சுருங்கிவிட்டது. கொஞ்ச நேரம் அந்தக் காலித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி தம்பி. கொழந்த துன்னுது. இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லி, காலிப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பெரிய வஞ்சிரம், நம்ம கத்தரிக்காய் சாம்பாருக்கு முன்னால் நிற்க முடிந்ததா என்று மனதுக்குள் அந்த அம்மாளை ஒரு பாடு கேலி செய்தேன். அதே தெம்பில் எனக்கும் ஒரு தட்டுப் போட்டு, முதல் வாயை வைத்தேன்.

விழுங்க முடியவில்லை. நாக்கு சுருண்டது. உப்பை இரண்டு தடவை போட்டிருக்கிறேன். ஓடிப்போய் சிங்க்கில் துப்பினேன். திரும்பினால், பாப்பா தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் நின்று டம்ளர் டம்ளராகக் குடித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் முட்டியிருந்தது.

"இதயா ரெண்டு வாட்டி துன்ன?"

வாயைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கி உப்பு கம்மியா போடுப்பா. பெரிம்மா மறுபடியும் வந்தா என்னால முடியாது."

நான் தூக்கைத் திறந்து ஒரு பெரிய துண்டு மீனை அவள் தட்டில் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை. பெரியம்மா போய்விட்டார்களா என்று பார்க்கச் சொன்னாள். நான் மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்து, ஷேர் ஆட்டோ தெருமுனை திரும்பிவிட்டது என்று சொன்ன பிறகுதான் கையை வைத்தாள்.