பதினாறாவது எபிசோடு

குலசேகரன்பட்டினத்தில் தசரா. நேர்த்திக்கடனுக்கு வேஷம் கட்டியவர்களால் தெரு அடைந்து கிடக்கிறது. என் பஸ் கிளம்ப நேரமிருப்பதால் ஒரு டீக்கடைக்குள் நுழைகிறேன்.

எதிர் பெஞ்சில் காளி. கோரைப்பற்களைக் கழற்றி டீ கிளாஸ் பக்கத்தில் வைத்துவிட்டு, பிஸ்கட் பாட்டிலில் சாய்த்து வைத்த செல்போனைப் பார்த்து அழுகிறாள். கன்னத்துச் சிவப்புச் சாயம் கழுத்து வரை வழிகிறது.

எட்டிப் பார்க்கிறேன். நான் மூன்று தடவை பார்த்த கொரியத் தொடர்.

"டாக்டர் மழையில குடையோட நிக்கிற சீன்தானே?"

காளி ஆண்குரலில் பேசுகிறாள். "ஆமா தங்கச்சி. மில்லர்புரத்துல பலசரக்குக் கடை வச்சிருக்கேன். விரதத்துக்குக் கறி, மீனு எல்லாம் விட்டாச்சு. இத மட்டும் விட முடியல."

"கடைசி எபிசோடுல..." என்று ஆரம்பிக்கிறேன்.

சூலம் என் மூக்குக்கு நேரே வருகிறது. "சொல்லிராதீய!"

வெளியே மேளம் கேட்கிறது. அவருடைய குழு கிளம்பிவிட்டது. பல்லை மாட்டப் போனவர் தயங்குகிறார்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ரெண்டு பேரும் சேந்துருவாங்கல்லா?"

கடைசி எபிசோடான பதினாறாவதில் அந்த டாக்டர் செத்துப்போகிறான். அதைச் சொல்ல வாயெடுத்தால், எதிரே மறுபடியும் கண் கலங்குகிறது.

"கல்யாணமே ஆயிரும் அண்ணாச்சி."

பல் ஏறுகிறது, குரல் கனக்கிறது. "நல்லா இருப்ப மகளே!" என்று என் நெற்றி நிறையத் திருநீறு பூசிவிட்டுக் காளி படியிறங்குகிறாள்.

இன்னும் எத்தனை எபிசோடு பாக்கி என்று கேட்காமல் விட்டுவிட்டேன். அதற்குள் நான் மாவட்ட எல்லையைத் தாண்டியாக வேண்டும்.