சத்திரத்துச் செருப்பு

வாசலில் நிழல் விழுந்ததும் காசிலிங்கம் தரையைப் பார்க்கிறார். வந்தவர் ஆணா பெண்ணா என்பதெல்லாம் அவருக்குப் பிற்பாடுதான். முகத்தை ஏறிட்டே பார்க்காமல் வியாபாரத்தை முடித்து அனுப்பிய நாட்களும் உண்டு. மரக்காணம் கடைத்தெருவில், பாண்டிச்சேரி பஸ் நிற்குமிடத்துக்கு எதிர்வரிசையில் உள்ள செருப்புக் கடையில் அவர் விற்பனையாளர். கால்களோடுதான் அவருக்குப் பழக்கம்.

அவற்றை அவர் வகை பிரித்து வைத்திருக்கிறார். விரல்கள் விசிறிபோல விரிந்து, நக இடுக்கில் மணல் மினுங்கினால் அது அனுமந்தைப் பக்கத்துக் கடற்கால். குதிகால் வெடிப்பில் கரிய சேறு உறைந்திருந்தால் உட்கிராமங்களின் வயற்கால். பவுடர் மணந்தால் உத்தியோகஸ்தர் வீட்டுக் கால். வெடிப்பின் ஓரங்கள் வெளுத்து, பாதம் சுட்ட ஓடுபோல இறுகி, கணுக்காலில் ஆறாத புண்கள் தெரிந்தால் அது உப்பளத்துக் கால். முதல் மூன்றுக்கும் நாற்காலி உண்டு. நான்காவதற்கு இல்லை.

முப்பதை எட்டிக்கொண்டிருக்கும் மனிதர். வெள்ளைச் சட்டையும் பெல்பாட்டமும் அணிந்திருப்பார். இவற்றோடு சித்திரை வெயிலிலும் கழற்றாத கறுப்புக் காலுறை. செருப்புக் கடைக்காரர் காலுறை அணிவது ஏன் என்று யாராவது கேட்டால், "கம்பெனி மரியாதைங்க" என்பார். அந்தக் கடைக்குக் கம்பெனி எதுவும் கிடையாது.

பேச்சில் வல்லவர். செருப்பு இறுக்கமாக இருக்கிறது என்றால், "போடப் போட விட்டுக் குடுக்கும்ங்க." தொளதொளவென்று இருக்கிறது என்றால், "காலுக்குக் காத்தோட்டம் வேணாமாங்க?" இரண்டுக்கும் மசியாதவரிடம், "ஒரு நடை நடந்து பாருங்க. செருப்பே சொல்லும்" என்று கடையின் நீளத்தைக் கைகாட்டுவார். அவர்களும் ஏதோ மேடையில் நடப்பதுபோல நெஞ்சை நிமிர்த்தி நடந்துவிட்டு, வாங்கிக்கொண்டு போவார்கள்.

நாற்காலியில் அமர்ந்தவர்களின் பாதத்தை அவர் தம் முழங்காலின் மீது ஏந்திக்கொள்வார். மஞ்சள் துணியால் துடைப்பார். வாரை மாட்டி, விரல் நுனியை அழுத்திப் பார்த்து, "விரலு மூச்சு விடுதுங்களா?" என்று கேட்பார். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவின் மனைவி சுலோசனா இந்தக் கேள்விக்காகவே திண்டிவனத்தில் வாங்காமல் இங்கே வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

உப்பளத்துக்காரர்களுக்கு வேறு முறை. அவர்கள் வாசற்படிக்கு உள்ளே, சுவரோரமாக நிற்க வேண்டும். பெஞ்சுக்கு அடியில் ஒரு பழைய ஜோடி கிடக்கும். அதைக் காசிலிங்கம் தம் காலால் அவர்கள் முன் தள்ளுவார். அதில் நுழைத்துப் பார்த்து, பெரிதா சிறிதா என்று சொன்னால், அதை வைத்து ஒரு புது ஜோடியைக் கணக்கிட்டுப் பெட்டியோடு கொடுப்பார். புதியதை அவர்கள் கடைக்குள் போட்டுப் பார்க்கக் கூடாது. முதலாளி சிவப்பிரகாசம் வகுத்த ஏற்பாடு இது. உப்புக் கால் பட்ட தோலில் மறுநாள் வெள்ளை பூக்கும், அதன்பின் அந்த ஜோடி விலைபோகாது என்பது அவர் சொல்லும் காரணம். காரணத்தில் பொய்யில்லை. கடையில் அந்த ஜோடிக்குச் சாம்பிள் என்று பெயர். உப்பளத்தில் அதற்கு வேறு பெயர்: சத்திரத்துச் செருப்பு. யார் வந்தாலும் ஒரு பொழுது தங்கிவிட்டுப் போவதால் அந்தப் பெயர்.

காசிலிங்கமும் உப்பளத்துப் பிள்ளைதான். அப்பன் ஆத்தா போன பிறகு, அக்கா விருத்தாம்பாள் பாத்தியில் உப்பு வாரி அவரை எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்தாள். பள்ளி விடுமுறையில் அவரும் பாத்தியில் இறங்கியவர். காலுறைக்குள் இருப்பது அந்த விடுமுறைகளின் வடு. வேலை கேட்டு வந்தபோது சிவப்பிரகாசம் அவருடைய உடுப்பைப் பார்த்துவிட்டு, "வானூர்ப் பக்கமா? நெலம் நீச்சு உண்டா?" என்று கேட்டார். காசிலிங்கம் ஆமென்று தலையை ஆட்டினார். அந்த ஒரு தலையாட்டலின் மீதுதான் இந்தக் கடை வேலை நிற்கிறது. உப்பளத்துச் சனங்களுக்கும் இது தெரியும். கடைக்குள் வந்தால் அவரைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டார்கள். "சார்" என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் காசிலிங்கம் இன்னும் கொஞ்சம் குனிவார்.

அக்கா மட்டும் கடைப்பக்கமே வந்ததில்லை. ஒரு சித்திரை நாளில் வந்தாள்.

உப்பளத்தில் காலை வாரல் முடிந்து, வெயில் ஏறிய நேரம். கடையில் சுலோசனா நாற்காலியில் அமர்ந்திருந்தார். அவர் பாதம் காசிலிங்கத்தின் முழங்கால்மேல் இருந்தது. வாசலில் நிழல் விழுந்தது. வழக்கம்போலத் தரையைப் பார்த்தார். வலது பாதத்தில் ஆஸ்பத்திரிக் கட்டு. இடது பாதத்தை முகம் பாராமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. வளைந்த சுண்டுவிரல். சிறு வயதில் அவரைத் தூக்கிக்கொண்டு வரப்பில் விழுந்தபோது வளைந்தது.

விருத்தாம்பாள் சுவரோரமாகத் தானே போய் நின்றுகொண்டாள். அவள் பேசியது முதலாளியிடம். வெறுங்காலோடு இறங்கினால் புண் ஆறாது, இப்படியே விட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அளவாக ஒரு ஜோடி வேண்டும், அழுத்தவும் கூடாது, கழன்று விழவும் கூடாது.

"ஏம்பா, சாம்பிள எடுத்துப் போடு" என்றார் சிவப்பிரகாசம்.

காசிலிங்கம் சுலோசனாவின் பாதத்தை இறக்கி வைத்துவிட்டு எழுந்தார். கை மேல்தட்டுக்குப் போனது. அங்கே மென்தோலில் அகல வார் வைத்த ஜோடி இருந்தது. பெட்டியைத் தொட்டும்விட்டார். முதலாளியின் மேஜையிலிருந்து ஒரு கனைப்பு வந்தது. கை திரும்பி வந்தது. பெஞ்சுக்கு அடியில் கால் போயிற்று. சாம்பிள் ஜோடி வழுக்கிக்கொண்டு போய் அக்காவின் முன்னே நின்றது.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "சத்திரம் காலியாத்தான் இருக்குது சார்."

முதலாளிக்கு விளங்கவில்லை. சுலோசனாவும் ஏதோ பட்டிக்காட்டுப் பேச்சு என்று புன்னகைத்தார். கட்டுப் போட்ட பாதம் வாருக்குள் நுழையவில்லை. கட்டை அவிழ்த்துவிட்டுப் போட்டுப் பார்க்கச் சொன்னார் சிவப்பிரகாசம். விருத்தாம்பாள் சுவரில் கையூன்றிக் குனிந்து கட்டை அவிழ்த்தாள். பச்சைப் புண்ணோடு பாதத்தை அந்தச் செருப்புக்குள் வைத்தாள். உள்ளே, கட்டைவிரல் வார் முடியும் இடத்தில், தேய்ந்த தோலைப் பிய்த்துக்கொண்டு ஓர் ஆணி தலை நீட்டியிருந்தது. அவள் முகம் சுருங்கியது, சத்தம் வரவில்லை.

"பெருசா, சின்னதாம்மா?" என்று கேட்டார் காசிலிங்கம். அவருடைய குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

"ஒரு வெரக்கட கம்மியா இருந்தாத் தேவல சார்."

அவர் பெட்டியைக் கொடுத்தார். அவள் பாதத்தை உருவிக்கொண்டு, சாம்பிள் ஜோடியை முந்தானையால் உள்ளும் புறமும் துடைத்து, அவருடைய காலடியில் வைத்தாள். "அடுத்தவங்க போடணுமில்ல" என்றாள். பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கட்டைக் கையில் சுருட்டியபடி வெறுங்காலோடு தார் ரோட்டில் இறங்கினாள்.

சுலோசனாவை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார் காசிலிங்கம். நாக்கின் நுனிவரை வந்த சொல் வேறு. வாயைத் திறந்தபோது வந்தது வேறு. "அம்மா, போட்டுக்கினு போங்கம்மா. ரோடு சுடுது."

"புதுசு சார், அழுக்காயிடும். வூட்ல போயிப் போட்டுக்கறேன்." இரண்டடி நடந்தவள் திரும்பினாள். "சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள். சற்றுப் பொறுத்து, "சார்" என்று சேர்த்துக்கொண்டாள்.

உள்ளே சிவப்பிரகாசம் சிரித்தார். "பாருங்கம்மா, நம்ம காசிலிங்கத்துக்குக் கஸ்டமரே சோறு போட்டுடும் போல." சுலோசனாவும் சிரித்தார். திரும்பி வந்து அமர்ந்த காசிலிங்கம், சுலோசனாவின் விரல் மூச்சு விடுகிறதா என்று அன்று கேட்கவில்லை.

நடுப்பகலில் பாதிக் கதவைச் சாத்தி, முதலாளி அடுக்குப் பாத்திரத்தைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தார். காசிலிங்கம் தம் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. வாடிக்கையாளர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் அதில் அமர்ந்ததே இல்லை. வலது காலுறையை உருவினார். கணுக்காலைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக வடுக்கள். துடைத்து வைத்திருந்த சாம்பிள் ஜோடியை அருகே இழுத்து, அதற்குள் பாதத்தை நுழைத்து, ஆணியின் மீது அழுத்தி ஊன்றினார்.

சோற்றுக் கையோடு சிவப்பிரகாசம் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய பார்வை செருப்பிலிருந்து கணுக்காலுக்கு ஏறி, அங்கேயே நின்றது. காசிலிங்கம் பாதத்தை இழுத்துக்கொள்ளவில்லை.